தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து வந்த சர்வைவல் ஹாரர் கேம்கள்: பயம் எங்கே தவறிப்போகிறது?

#1 | பழையகன்சோல்

நல்ல திகில் தொடர் ஒன்றை கேமாக மாற்றும்போது முகங்கள் வருகின்றன, குரல்கள் வருகின்றன, இசை வருகிறது. பயம் மட்டும் ஏன் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது? அதைப் பேசத்தான் இந்த இழை. (சர்வைவல் ஹாரர் என்றால் குறைந்த ஆயுதத்தையும் பொருளையும் வைத்துக்கொண்டு பயத்துக்கு நடுவே உயிர்பிழைக்கும் கேம் வகை.) திரைப்படங்களிலிருந்து வந்தவை வேண்டாம். ‘ஏலியன்: ஐசொலேஷன்’ பற்றி இங்கே ஏற்கெனவே போதுமான அளவு பேசியாகிவிட்டது. தொலைக்காட்சியோடு நிற்போம்.

நான் முன்வைக்கும் முதல் கேம் ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்: ரெசிஸ்ட் ஆர் சர்வ்’. 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. பிளாக் ஆப்ஸ் என்டர்டெயின்மென்ட் உருவாக்கியது, விவெண்டி யூனிவர்சல் வெளியிட்டது. கதை, தொடரின் ஏழாவது சீசன் காலத்தில் கொலராடோவின் ரெட் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. டேவிட் டுகோவ்னியும் கில்லியன் ஆண்டர்சனும் தங்கள் பாத்திரங்களுக்குத் தாங்களே குரல் கொடுத்திருக்கிறார்கள். விசித்திர வழக்குகளைத் துப்பறியும் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவரில் மோல்டராக ஆடினால் ஒரு பாதை, ஸ்கல்லியாக ஆடினால் வேறு பாதை. ஸ்கல்லியின் பாதையில் பிணப் பரிசோதனையும் உண்டு. தொடரை நேசித்தவர்கள் செய்த வேலை என்பது பல இடங்களில் தெரிகிறது.

இருந்தும் அது பயமுறுத்துவதில்லை. ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் முதல் ஐந்து சீசன்கள் கனடாவின் வான்கூவரில் படமாக்கப்பட்டவை. அந்த ஊரின் மழையும் ஈர மரங்களும் மங்கிய பகல் வெளிச்சமும்தான் தொடரின் பாதி பலம். இரண்டு கைவிளக்குகள் இருட்டைத் துழாவும், மூலையில் ஏதோ ஒன்று அசைந்தது போலிருக்கும், அதற்குள் காட்சி வெட்டப்படும். நாம் எதையும் பார்த்திருக்க மாட்டோம். கேமில் என்ன நடக்கிறது? முதல் பகுதியிலேயே ஜாம்பிகள் வெளிச்சத்தில் நடந்து வருகின்றன. நிலையான கேமரா கோணம், தோட்டா எண்ணிக்கை, பூட்டிய கதவு என எல்லாமே ‘ரெசிடென்ட் ஈவில்’ கேம் வகுத்த பாதை. அடுத்த ஆண்டு ஜனவரியில் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ வந்து அந்தப் பாதையையே மாற்றிவிட்டது. ஒரு பாணி விடைபெறும் நேரத்தில் அதை இரவல் வாங்கியது இந்த கேம்.

என் கருத்து இதுதான்: தொடரை வாங்கியவர்கள் அதில் இருக்கும் பயத்தின் விதியை வாங்கவில்லை. ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் விதி ‘நீ பார்த்ததற்கு ஆதாரம் இருக்காது’ என்பது. அந்த விதியை ஆடுபவரின் கையில் கொடுத்திருந்தால் அது வேறு கேமாக இருந்திருக்கும்.

#2 | மின்மினி

நல்ல தொடக்கம், நண்பரே. ஆனால் நோய்க்கு நீங்கள் சொல்லும் காரணம் எனக்குப் போதவில்லை. மோல்டர் செத்துவிடுவாரோ என்று ரெட் ஃபால்ஸில் எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றியதில்லை. ஏழாவது சீசன் காலத்துக் கதை என்றால் எட்டாவது சீசன் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தொலைக்காட்சி நாயகனை கேம் கொல்ல முடியாது. உரிமம் கொடுத்தவர்கள் அனுமதிக்கவும் மாட்டார்கள். கொல்ல முடியாதவனை வைத்துக்கொண்டு உயிர்பிழைக்கும் கதை எப்படிச் சொல்வது?

‘தி வாக்கிங் டெட்: சர்வைவல் இன்ஸ்டிங்க்ட்’ இதற்குச் சரியான சாட்சி. 2013 மார்ச்சில் ஆக்டிவிஷன் வெளியிட்டது. ஜாம்பிகளிடமிருந்து தப்பிப் பிழைப்பவர்களைப் பற்றிய ஏ.எம்.சி. சேனல் தொடரின் முன்கதை. டேரில் டிக்சனாக ஆட வேண்டும். அண்ணன் மெர்லும் உடன் வருகிறான். நார்மன் ரீடஸ், மைக்கேல் ரூக்கர் இருவருமே குரல் கொடுத்திருக்கிறார்கள். ஜார்ஜியாவில் ஊர் ஊராகக் கடந்து அட்லாண்டாவை நோக்கிப் போகிறோம். டேரிலும் மெர்லும் அட்லாண்டா வந்து சேர்வார்கள் என்பது தொடரைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த முடிவு. அப்புறம் என்ன பதற்றம்?

#3 | தெற்குவாசல்

‘சர்வைவல் இன்ஸ்டிங்க்ட்’ மோசமான கேம் என்பதில் மறுபேச்சு இல்லை. அவசரமாக முடிக்கப்பட்டது என்பது ஒவ்வொரு தெருவிலும் தெரியும். ஒரே வீடுகள், ஒரே முகங்கள், திரும்பத் திரும்ப. ஆனால் அதற்குள் ஒரு நல்ல எண்ணம் புதைந்து கிடந்தது. அதை யாரும் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

அந்த கேமில் பயணத்துக்கு ஒரு கார். காரில் இருக்கைகள் இத்தனைதான். வழியில் சந்திக்கும் மனிதர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், உணவோ எரிபொருளோ தேடி அனுப்பலாம். இருக்கை நிறைந்துவிட்டால் ஒருவரை இறக்கிவிட்டுத்தான் இன்னொருவரை ஏற்ற முடியும். நெடுஞ்சாலையில் போவதா, சிற்றூர்ச் சாலைகளில் போவதா என்றும் நாமே தீர்மானிக்க வேண்டும். எரிபொருள் செலவும் வழியில் வரும் தொல்லைகளும் அதற்கேற்ப மாறும். இதைவிட ‘வாக்கிங் டெட்’ தொடருக்குப் பொருத்தமான விதி எது?

கெட்டது எங்கே என்றால், அந்த மனிதர்கள் யாரும் மனிதர்களாக இல்லை. பெயரும் உடல்நலக் கோடும் உண்டு, அவ்வளவுதான். ஒருவரை இறக்கிவிட்டால் நெஞ்சில் எதுவும் உறைப்பதில்லை. பழையகன்சோல் சொல்லும் ‘விதி’ இங்கே ஆடுபவரின் கைக்கு வந்துதான் இருக்கிறது. அதைத் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை.

#4 | சுடர்விழி

அதே உலகத்தில், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ முடிந்திருந்தது. 2012 ஏப்ரலில் தொடங்கி நவம்பருக்குள் ஐந்து அத்தியாயங்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஆடியவர்களுக்கு இந்த இழையின் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்திருக்கும்.

#5 | மின்மினி

சுடர்விழி, டெல்டேல் கேம் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்ததல்ல. ராபர்ட் கிர்க்மேன் 2003இல் தொடங்கிய காமிக்ஸ்தான் அதன் மூலம். தொடர் 2010இல்தான் வந்தது. இழையின் எல்லைக்குள் அது வராது.

#6 | சுடர்விழி

மூலம் காமிக்ஸ் என்பது தெரிந்துதான் எழுதினேன், மின்மினி. என் வாதமே அதில்தான் இருக்கிறது. உரிமத்தைத் தொலைக்காட்சியிடமிருந்து வாங்கிய கேமில் தொலைக்காட்சியின் குணம் எதுவும் இல்லை. காமிக்ஸிடமிருந்து வாங்கிய கேமில் தொலைக்காட்சியின் குணம் முழுமையாக இருக்கிறது. அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. ‘முன்கதைச் சுருக்கம்’ வந்தது. நம் முந்தைய முடிவுகளைத் தொகுத்து அது நம்மிடமே திருப்பிக் காட்டியது. அடுத்த அத்தியாயம் வரும்வரை வாரக்கணக்கில் மனதுக்குள் அந்த முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது அத்தியாயத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். பேரழிவு தொடங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு சாலையோர விடுதியைச் சுற்றித் தடுப்பு கட்டிக்கொண்டு குழு பதுங்கியிருக்கிறது. உணவு தீர்ந்துகொண்டிருக்கிறது. அன்றைய பங்கீட்டை லில்லி நம் கையில் கொடுத்து ‘நீயே பகிர்ந்து கொடு’ என்கிறாள். நாம் ஆடும் பாத்திரமான லீயிடம் இருப்பது நான்கு பொருட்கள். அதில் ஒன்று பாதி ஆப்பிள். பசியோடு இருப்பவர்களோ அதைப்போல இரு மடங்குக்கும் மேல். குழந்தைகள் இருவருக்குக் கொடுத்தால் பாதி தீர்ந்துவிடும். லில்லியின் தந்தை லேரி நம்மை வெறுப்பவர். அவருக்குக் கொடுப்பதா? தடுப்பில் வேலை செய்கிறவனுக்குக் கொடுப்பதா? அங்கே ஜாம்பி கிடையாது, துப்பாக்கி கிடையாது. பட்டப்பகல். அந்த முற்றத்தில் நடந்து ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றபோது எனக்கு இருந்த கலக்கம் ‘சர்வைவல் இன்ஸ்டிங்க்ட்’ முழுவதிலும் ஒரு முறைகூட வரவில்லை.

தெற்குவாசல் சொன்ன கார் இருக்கையும் இதுவும் ஒரே விதிதான்: இருப்பது குறைவு, வேண்டியவர்கள் அதிகம். இங்கே அந்த மனிதர்களோடு ஒரு முழு அத்தியாயம் பழகியிருக்கிறோம். லீ பாதுகாக்கும் சிறுமி கிளமென்டைன் அப்பால் நின்று நாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

#7 | தெற்குவாசல்

அந்தப் பங்கீடு பின்னால் கதையைப் பெரிதாக மாற்றுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் அத்தியாயம் அதே பண்ணைக்குத்தான் போகிறது. டெல்டேல் கேம்களின் மீது எனக்கு உள்ள மனக்குறை அது.

#8 | சுடர்விழி

உண்மை. கதை மாறுவதில்லை. ஆனால் முதல் முறை ஆடும்போது அது நமக்குத் தெரியாது. தெரியாத அந்த நேரத்தில் எடுத்த முடிவு நம்முடையதுதான். பயம் என்பது விளைவுக்கு முன்னால் வருவது. விளைவு எப்படி அமைந்தாலும் அந்த நேரத்துக் கலக்கம் பொய்யாகிவிடாது.

#9 | நிலா_கோலாலம்பூர்

வணக்கம். இந்த இழையில் யாராவது ‘டாக்டர் ஹூ: தி லோன்லி அசாசின்ஸ்’ பெயரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லாததால் நானே வருகிறேன்.

2021 மார்ச்சில் வந்தது. உருவாக்கியவர்கள் எங்கள் ஊரைச் சேர்ந்த கைகன் கேம்ஸ். ஆம், கோலாலம்பூர்க்காரர்கள். அதற்கு முன்பே ‘சிமுலாக்ரா’ கேமில் தங்கள் பாணியை நிலைநாட்டியவர்கள். அந்தப் பாணி எளியது: தொலைந்துபோன ஒருவரின் கைப்பேசி நம்மிடம் கிடைத்திருக்கிறது. கேம் முழுக்க அந்தக் கைப்பேசியின் திரைதான். செய்திகள், படங்கள், மின்னஞ்சல்கள், அழைப்புகள். அவற்றைத் தோண்டி என்ன நடந்தது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

இதை ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் அழும் தேவதைகளோடு சேர்த்தது என்னைப் பொறுத்தவரை அற்புதமான பொருத்தம். தொடரைப் பார்க்காதவர்களுக்காக: 2007இல் ஸ்டீவன் மோஃபட் எழுதிய ‘பிளிங்க்’ என்னும் அத்தியாயத்தில் வந்தவை இவை. கற்சிலைகள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாகவே நிற்கும். கண்ணை இமைத்தால் நகர்ந்துவிடும். 2010இல் வந்த கதையில் இன்னொரு விதியும் சேர்ந்தது: தேவதையின் உருவத்தைத் தாங்கும் எதுவும் தானே ஒரு தேவதையாகிவிடும். ஒரு காணொளிப் பதிவுகூட.

இப்போது கைப்பேசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் படங்கள் இருக்கின்றன, காணொளிகள் இருக்கின்றன. ‘பிளிங்க்’ அத்தியாயத்தில் வந்த லேரி நைட்டிங்கேலின் கைப்பேசி அது. தொடரில் வேற்றுக்கிரக ஆபத்துகளைக் கையாளும் யூனிட் அமைப்பின் ஆஸ்குட் நம்மோடு செய்திவழி பேசி வழிநடத்துகிறாள். இருவருக்கும் தொடரில் நடித்தவர்களே இதிலும் வருகிறார்கள். நாம் ஆதாரம் தேடி ஒவ்வொரு கோப்பாகத் திறக்கத் திறக்க, திரை கலங்கத் தொடங்குகிறது. பார்க்காமல் உண்மை தெரியாது, பார்த்தால் ஆபத்து. பழையகன்சோல் கேட்ட ‘விதியைக் கையில் கொடுப்பது’ இதுதான். அதுவும் நிஜமான கைப்பேசியில் ஆடினால் கேமுக்கும் நமக்கும் நடுவில் வேறு எதுவுமே இல்லை.

இங்கே நாயகன் சாவானா என்ற கேள்வியும் எழவில்லை பாருங்கள், மின்மினி. கைப்பேசியை வைத்திருப்பது நாம். ஆபத்து நமக்கு.

#10 | மின்மினி

நிலா அவர்களே, இது நல்ல பதில். நாயகனையே அகற்றிவிட்டால் சிக்கலும் அகன்றுவிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

#11 | கணினித்தச்சன்

அழும் தேவதைகள் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலையே நிரல் எழுதுவதுதான் என்பதால் இந்த எதிரியை எப்படிச் செய்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி ஈடுபாடு.

கணினிக்கு இது எளிய கணக்கு. சிலை கேமராவின் பார்வைப் பரப்புக்குள் இருக்கிறதா? இருந்தால், நடுவில் சுவரோ தூணோ மறைக்கிறதா என்று ஒரு நேர்கோடு செலுத்திப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ‘தெரிகிறது’ என்று வந்தால் சிலை நிற்கும். இல்லையென்றால் நகரும். மெய்நிகர் கண்ணாடிக்காக 2019இல் வந்த ‘டாக்டர் ஹூ: தி எட்ஜ் ஆஃப் டைம்’ கேமில் தேவதைகள் வரும் பகுதி நன்றாக இருப்பதற்குக் காரணம், அங்கே கேமராவே நம் தலை. கையில் இருப்பதைப் பார்க்கத் தலை குனிந்தால் சிலை நெருங்கிவிடும்.

ஆனால் இந்த விதியை மிகக் கச்சிதமாகக் கையாண்ட கேம் எந்தத் தொடரிலிருந்தும் வந்ததல்ல. 2012இல் ஃபின்லாந்துக்காரர் ஒருவர் இலவசமாக வெளியிட்ட ‘எஸ்.சி.பி.: கன்டெயின்மென்ட் பிரீச்’. மூலம் இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் புனைவுத் தொகுப்பு. அதில் 173 என்ற எண் கொண்ட ஒரு சிலை. அதுவும் பார்த்தால் நிற்கும், இமைத்தால் வரும்.

அந்த கேமின் திரையில் ஒரு சிறு பட்டை. அது இமைப்பதற்கான அளவுமானி. வினாடிக்கு வினாடி குறைந்துகொண்டே வரும். தீர்ந்ததும் திரை ஒரு கணம் கறுத்துவிடும், நம் பாத்திரம் இமைத்துவிட்டது. கண் சொட்டுமருந்து கிடைத்தால் தவிரத் தள்ளிப்போட முடியாது. ஆனால் முந்திக்கொள்ளலாம். ஸ்பேஸ் பார் தட்டினால் நாமாகவே இமைக்கலாம், பட்டை மீண்டும் நிறைந்துவிடும். எனவே சிலை தூரத்தில் இருக்கும்போதே, இன்னும் பாதிப் பட்டை மீதம் இருக்கும்போதே, வேண்டுமென்று ஒரு முறை இமைத்துவிட்டு அதன் பக்கமாக நடக்கத் துணிய வேண்டும். சில அறைகளில் வாயு பரவும். அங்கே கண் எரிந்து பட்டை வேகமாக இறங்கும். கதவு திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பட்டையைப் பார்ப்பதா, சிலையைப் பார்ப்பதா?

தொலைக்காட்சியில் இமைக்காதே என்று பாத்திரத்திடம் சொல்கிறார்கள். இங்கே இமைப்பது எப்போது என்று நம்மைக் கணக்குப் போட வைக்கிறார்கள். கலையில் இரண்டும் வேறு வேறு வேலை. இந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாத குழுவிடம் எவ்வளவு நல்ல தொடரைக் கொடுத்தாலும் வீண்.

#12 | பழையகன்சோல்

கணினித்தச்சன் சொன்ன கடைசி வரிகளை இழையின் தலைப்பிலேயே எழுதி வைக்கலாம். நன்றி.

இதையொட்டி ஒரு பழைய செய்தி. சர்வைவல் ஹாரர் என்ற வகையின் வேரே ஒரு தழுவல்தான். 1989இல் ஜப்பானில் கேப்காம் ‘ஸ்வீட் ஹோம்’ என்ற கேமை நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்காக வெளியிட்டது. அதே பெயரில் கியோஷி குரோசாவா இயக்கிய திரைப்படத்தோடு இணைந்து வந்தது. திரைப்படம் வேண்டாம் என்று நானே சொன்னேன், ஆனாலும் இது வேண்டும். பாழடைந்த மாளிகையில் ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறப்புப் பொருள். ஒருவரிடம் தீக்கொளுத்தி, ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் மருந்துப் பெட்டி. அதற்கு மேல் கையில் வைத்துக்கொள்ள மிகக் குறைந்த இடம். ஒருவர் இறந்தால் இறந்ததுதான், திரும்பி வரமாட்டார். அவர் செய்த வேலைக்கு வேறு பொருளைத் தேடி அலைய வேண்டும். இதைப் புதிதாகச் செய்யலாம் என்று தொடங்கியதுதான் 1996இல் ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆனது.

தொலைக்காட்சிக்காரர்கள் ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமைப் பார்த்துப் படியெடுத்தார்கள். அது எதைப் பார்த்துப் படித்ததோ அதை அவர்கள் பார்க்கவில்லை.

#13 | வாடாமல்லி

எல்லோரும் கலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். வியாபாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆடுபவர்களாகிய நாம்தான் இழப்பவர்கள்.

ஒரு கொலையாளியிடமிருந்து மற்றவர்கள் தப்பி ஓடும் ‘டெட் பை டேலைட்’ கேமில் 2019 செப்டம்பரில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் பகுதி வந்தது. கொலையாளியாக அந்தத் தொடரின் அரக்கன் டெமோகார்கன். தப்பி ஓடுபவர்களாக ஸ்டீவும் நான்சியும். களம் ஹாக்கின்ஸ் ஆய்வுக்கூடத்தின் அடித்தளம். டெமோகார்கனுக்குக் கொடுத்த ஆற்றல் தொடருக்கு உண்மையானது. தரையில் வாசல்களைத் திறந்து வைத்து ஒன்றில் புகுந்து இன்னொன்றில் வெளிவரும். நாம் அந்த வாசல்களை மூடிக்கொண்டே போக வேண்டும். முதல் சீசனில் சுவரைக் கிழித்துக்கொண்டு அது வரும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

2021 நவம்பரில் உரிமம் முடிந்தது. விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களுக்குப் பாத்திரங்கள் தங்கின. ஆனால் ஆய்வுக்கூடக் களம் எல்லோருக்குமே போய்விட்டது. இரண்டு ஆண்டு கழித்து 2023 நவம்பரில் திரும்பி வந்தது. திரும்பி வந்தது நல்ல காலம். ‘சர்வைவல் இன்ஸ்டிங்க்ட்’ இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது, திரும்பவில்லை. பழையகன்சோல் பேசிய ‘ரெசிஸ்ட் ஆர் சர்வ்’ பழைய வட்டுகளாக மட்டும் வாழ்கிறது. நாவல் தழுவிய திரைப்படம் என்றால் எங்காவது ஒரு பிரதி காப்பாற்றப்படுகிறது. தொடர் தழுவிய கேம் என்றால் ஒப்பந்தக் காகிதத்தின் ஆயுள்தான் அதன் ஆயுள். ஒரு கேம் மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லிக்கொள்ளவாவது அது கிடைக்க வேண்டாமா? இது எனக்கு உண்மையாகவே கோபம் தரும் விஷயம்.

#14 | தெற்குவாசல்

முழுமையாக உடன்படுகிறேன். டெல்டேல் 2018 செப்டம்பரில் திடீரென்று கடையை மூடியபோது ‘வாக்கிங் டெட்’ கடைசி சீசன் பாதியில் நின்றது. கிர்க்மேனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம் எடுத்து 2019 மார்ச்சில் முடித்துக் கொடுத்ததால் கிளமென்டைன் கதைக்கு ஒரு முடிவு கிடைத்தது. அதே டெல்டேல் அறிவித்திருந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ கேம் அப்படியே போய்விட்டது.

#15 | சுடர்விழி

உரிமமே வாங்காமல் தொடரைத் தழுவியவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? ரெமடி நிறுவனத்தின் ‘ஆலன் வேக்’ (2010) கேமில் ஒவ்வொரு பகுதியும் ‘இதுவரை ஆலன் வேக்கில்’ என்று தொடங்கும், பாடலோடு முடியும். ஊருக்குள்ளே தொலைக்காட்சிப் பெட்டிகளில் ‘நைட் ஸ்பிரிங்ஸ்’ என்று ஒரு கற்பனைத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். ‘ட்விலைட் ஸோன்’ தொடருக்குச் செய்த மரியாதை அது. மலையும் ஏரியும் உணவகமும் சேர்ந்த அந்த ஊரில் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் வாசம் வீசும். அதே ஆண்டு ஜப்பானிலிருந்து வந்த ‘டெட்லி பிரிமனிஷன்’ அந்த வாசத்தை இன்னும் வெளிப்படையாகவே சுமந்தது.

ஒளி என்பதை ஆயுதமாக்கியதில்தான் ‘ஆலன் வேக்’ கேமின் திறமை. எதிரிகளை முதலில் கைவிளக்கால் சுட வேண்டும், பிறகுதான் தோட்டா. மின்கலம் தீர்ந்தால் பின்வாங்க வேண்டும். ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் இரண்டு கைவிளக்குகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்றால் இங்கேதான் என்று எனக்குத் தோன்றும்.

#16 | பழையகன்சோல்

கைவிளக்கு பற்றிச் சொன்னது மனதுக்கு நிறைவாக இருக்கிறது, சுடர்விழி.

இப்போது எல்லோருக்கும் ஒரு கேள்வி. உரிமம் தடையில்லை, நல்ல குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொடரைக் கொடுப்பீர்கள்? தொடரின் பெயர் மட்டும் போதாது. ஆடுபவரின் கையில் எந்த விதியைக் கொடுப்பீர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

#17 | மின்மினி

எனக்கு யோசிக்கவே வேண்டாம். ஏ.எம்.சி.யின் ‘தி டெரர்’, 2018இல் வந்த முதல் சீசன். பத்து அத்தியாயங்கள்.

அதன் அடித்தளம் நடந்த வரலாறு. 1845இல் எரிபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் ஆர்க்டிக் வழியாகப் பாதை தேடிப் போயின. 129 பேர். மறு ஆண்டு பனியில் சிக்கின, விடுபடவே இல்லை. 1848 ஏப்ரலில் மிஞ்சியிருந்த 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுப் பனிமேல் படகுகளை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. கப்பல்களின் சிதைவுகளே 2014லும் 2016லும்தான் கிடைத்தன. தொடர் இதோடு ஒரு மிருகத்தைச் சேர்க்கிறது.

கொல்ல முடியாத நாயகன் என்று நான் தொடக்கத்தில் சொன்னேன். இங்கே நிலைமை தலைகீழ். எல்லோரும் சாவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். ஆடுபவர் தீர்மானிப்பது யார், எங்கே, எந்த நிலையில் என்பதை மட்டும். தெற்குவாசல் சொன்ன கார் இருக்கைகளைப்போல இங்கே படகு. எதை ஏற்றுவது? நோயாளியையா, நிலக்கரியையா, உணவையா?

விதி என்று கேட்டால் என் பதில் உணவு டப்பா. தொடரில் டப்பா உணவு கெட்டுப்போயிருக்கிறது, ஈயம் கலந்திருக்கிறது. மருத்துவர் குட்சர் அதைச் சந்தேகப்பட்டுக் கப்பலில் இருந்த குரங்குக்குக் கொடுத்துச் சோதிக்கிறார். அது செத்துவிடுகிறது. எனவே டப்பாவைத் திறந்தால் இன்று நடக்க வலு வரும், உடலுக்குள் நஞ்சும் ஏறும். திறக்காவிட்டால் இன்றே பசி. கணினித்தச்சன் சொன்ன இமைப்புப் பட்டையைப்போலத் திரை ஓரத்தில் நஞ்சுக்கு ஒரு அளவுமானி வைத்தால் போதும். கேம் தயார்.

#18 | நிலா_கோலாலம்பூர்

இதை யாராவது செய்தால் முதல் நாளே வாங்குவேன். மிருகம் எத்தனை முறை வர வேண்டும்?

#19 | மின்மினி

மிகக் குறைவாக. மாதம் கடக்கும் கேமில் நான்கைந்து முறை போதும். அது வராத இரவுகளிலும் காவல் நிறுத்த வேண்டியிருக்கும். காவல் நிற்பவன் மறுநாள் படகை இழுக்கத் திணறுவான். அதுவே அதன் வேலையைச் செய்துவிடும்.

#20 | கணினித்தச்சன்

மிருகம் பற்றிச் சொன்னது சரி. அளவுமானி வைப்பதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, மின்மினி. இமைப்பு என்பது நம் உடலே நமக்கு அறிவிக்கும் ஒன்று, கண் எரிகிறது என்று தெரியும். அதனால் அங்கே பட்டை நியாயம். ஈயம் ஏறுவது யாருக்கும் தெரியாது. அந்த மாலுமிகளுக்கும் தெரியவில்லை. பட்டையைக் காட்டிவிட்டால் ஆடுபவர் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுவார், டப்பாவைப் பார்த்துப் பயப்பட மாட்டார்.

எண்ணை உள்ளேயே வைத்துக்கொண்டு அறிகுறிகளை மட்டும் வெளியே விட வேண்டும். குறிபார்க்கும்போது துப்பாக்கி லேசாக ஆடட்டும். வரைபடத்தில் நேற்று நாம் குறித்த இடம் இன்று சற்று நகர்ந்திருக்கட்டும். ஒரு மாலுமி சொன்ன செய்தியையே மறுபடி சொல்லட்டும். அதோடு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி இருக்கிறது. ஆறிய பழைய காயங்கள் அந்த நோயில் மீண்டும் திறந்துகொள்ளும், தொடரும் அதைக் காட்டியது. கேமின் முதல் மணி நேரத்தில் ஒருவனுக்குப் பட்ட காயத்தைக் கட்டிக் குணப்படுத்தியிருப்போம். அது கடைசிப் பகுதியில் திறக்கட்டும். டப்பா காரணமா, ஸ்கர்வி காரணமா, குளிர் காரணமா என்று ஆடுபவருக்குத் தெரியக் கூடாது. நாளையும் ஒரு டப்பா திறக்க வேண்டியிருக்கும்.

#21 | பழையகன்சோல்

அளவுமானி வேண்டாம் என்பதற்கே என் வாக்கும். ரெட் ஃபால்ஸில் நான் தேடியது அதுதான்: ஆதாரம் இல்லாமல், பார்த்ததை நம்புவதா வேண்டாமா என்று நானே முடிவெடுக்க வேண்டிய நிலை. மின்மினி, பட்டை இருந்தே தீர வேண்டும் என்று இன்னும் நினைத்தால் காரணத்தை எழுதுங்கள். இழை திறந்தே இருக்கிறது.